அரிச்சுவடி எழுதிய அறிஞர்

குழந்தைகளே! டிக்டேஷன் எழுதும்போது, இங்கே சின்ன 'ர' வருமா, பெரிய 'ற' வருமா என்று பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்திருக்கிறீர்களா? ல, ள, ழ மூன்றும் சேர்ந்து உங்கள் மார்க்கைக் குறைத்திருக்கின்றனவா? கவலைப்படாதீர்கள். வங்காளத்துக் குழந்தைகளின் பாடு இன்னும் கஷ்டம்! அவர்கள் மொழியில் 'ஷ' ஒலிக்கு மூன்று எழுத்துகள் உண்டு. மூன்றையும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் உச்சரிப்பார்கள். குறில் 'இ', நெடில் 'ஈ' இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். போதாக்குறைக்கு, இரண்டு மெய்யெழுத்துகள் சேர்ந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு புதிய வடிவம் எடுத்துவிடும். நம் தமிழில் ஒரு புள்ளி வைத்தால் வேலை முடிந்தது. அங்கே அப்படி இல்லை. நூற்றுக்கணக்கான கூட்டெழுத்துகளைப் பழக வேண்டும்.

இந்தக் கஷ்டத்தைப் பார்த்து மனம் இரங்கினார் ஒரு பேரறிஞர். சமஸ்கிருத இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர் அவர். பெரிய கல்லூரியின் முதல்வர். அவர் உட்கார்ந்து, ஐந்து வயதுக் குழந்தைக்காக ஒரு சின்னஞ்சிறு அரிச்சுவடி எழுதினார். அவர்தான் ஈசுவர சந்திர வித்யாசாகர்.

மைல்கல் சொன்ன பாடம்

இன்றைய மேற்கு வங்காளத்தின் மேற்கு மேதினிபூர் மாவட்டத்தில் பீர்சிங்கா என்ற கிராமம் இருக்கிறது. அங்கே 1820-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி பிறந்தார் ஈசுவர சந்திரர். தந்தை தாகூர்தாஸ், தாய் பகவதி தேவி. ஏழைக் குடும்பம். தந்தை கல்கத்தாவில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்து, மிச்சம் பிடித்து ஊருக்குப் பணம் அனுப்பினார்.

ஊர்த் திண்ணைப் பள்ளியில் காளிகாந்தர் என்பவர் ஆசிரியராக இருந்தார். ஈசுவரனின் சுறுசுறுப்பைக் கண்ட அவர், பையனைக் கல்கத்தாவுக்கு அழைத்துப் போய்ப் படிக்க வைக்கும்படி தாகூர்தாஸிடம் சொன்னார். 1828-ஆம் ஆண்டின் கடைசியில் பயணம் தொடங்கியது. அப்போது ஈசுவரனுக்கு எட்டு வயது. வண்டி வாடகைக்குப் பணம் ஏது? தந்தை, ஆசிரியர், பையன் எல்லோரும் நடந்தே போனார்கள். கால் வலித்தபோது பையனைத் தூக்கிக்கொள்ள ஒரு பணியாளும் கூட வந்தார்.

கல்கத்தா சாலையை அடைந்ததும் ஈசுவரன் ஓர் அதிசயத்தைப் பார்த்தான். மசாலா அரைக்கும் அம்மியைப் போல ஒரு கல் ரோட்டோரம் நட்டு வைத்திருந்தது! இதை யார் இங்கே நட்டார்கள் என்று அப்பாவிடம் கேட்டான். அப்பா சிரித்துவிட்டார். அது அம்மி இல்லை, மைல்கல். கல்கத்தா எவ்வளவு தூரம் என்று அதில் ஆங்கில எண்ணில் செதுக்கியிருக்கிறது என்று விளக்கினார். அந்தக் கல்லில் 19 என்று இருந்தது. ஈசுவரன் விரலால் அந்த எண்களைத் தடவிப் பார்த்தான். இது ஒன்று, இது ஒன்பது என்று மனத்தில் பதித்துக்கொண்டான்.

அடுத்த கல் 18. அடுத்தது 17. நடக்க நடக்கப் பாடமும் நடந்தது. பத்தாவது மைல்கல் வருவதற்குள் எல்லா ஆங்கில எண்களும் தனக்குத் தெரிந்துவிட்டதாகப் பையன் சொன்னான். தந்தைக்குச் சந்தேகம். எண்கள் வரிசையாகக் குறைந்துகொண்டே வருவதால் ஊகித்துச் சொல்கிறானோ? அதனால் ஆறாவது கல் வந்தபோது பேச்சுக் கொடுத்து, பையன் அதைப் பார்க்காமல் கடந்துபோகச் செய்தார். அடுத்த கல்லைக் காட்டி, இது என்ன எண் என்று கேட்டார். ஈசுவரன் உற்றுப் பார்த்தான். இங்கே ஆறு இருந்திருக்க வேண்டும், கல் செதுக்கியவர் தவறுதலாக ஐந்து என்று செதுக்கிவிட்டார் என்றான். தந்தைக்கும் ஆசிரியருக்கும் தாங்க முடியாத மகிழ்ச்சி! பையன் ஊகிக்கவில்லை, உண்மையிலேயே படிக்கிறான் என்று தெரிந்துகொண்டார்கள்.

புத்தகமும் இல்லை, பலகையும் இல்லை, பிரம்பும் இல்லை. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, ஒவ்வொன்றாகக் கற்ற பாடம் அது. அதனால் மறக்கவே இல்லை.

புரியாத இலக்கணம்

1829-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியில் சேர்ந்தான் ஈசுவரன். அந்தக் காலத்தில் அங்கே சிறுவர்களும் படித்தார்கள். உடம்பு சின்னது, தலை கொஞ்சம் பெரியது. அதனால் கூடப் படித்த பையன்கள் அவனை 'ஜெஸ்ஸூர் கோய்' என்று கேலி செய்தார்கள். ஜெஸ்ஸூர் என்பது ஓர் ஊர். 'கோய்' என்பது நம் ஊர்ப் பனையேறிக் கெண்டை மீன். அந்த ஊர் மீனுக்குத் தலை பெரியதாம்! ஈசுவரனுக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் பேச்சு திக்கும். அதைப் பார்த்து இன்னும் அதிகமாகக் கேலி செய்வார்கள்.

ஆனால் கேலியைவிடப் பெரிய கஷ்டம் இலக்கண வகுப்பில் காத்திருந்தது. அங்கே 'முக்தபோதம்' என்ற நூலைத்தான் முதலில் கற்பித்தார்கள். போபதேவர் என்ற பண்டிதர் பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதியது. சமஸ்கிருதம் கற்பதற்கான அந்த இலக்கண நூல் சமஸ்கிருதத்திலேயே இருந்தது. யோசித்துப் பாருங்கள். மொழி தெரியாத பிள்ளைக்கு, அந்த மொழியின் விதிகளை அதே மொழியில் சொன்னால் எப்படிப் புரியும்? எல்லோரும் அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் செய்தார்கள். ஈசுவரனும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இலக்கண வகுப்பில் இருந்தான்.

வீட்டு நிலையும் சுகமாக இல்லை. அப்பாவுக்கும் தம்பிக்கும் அவனே சமைத்துப் போட வேண்டும். பாத்திரம் துலக்க வேண்டும். இரவில் கண் விழித்துப் படிக்க வேண்டும். விளக்குக்கு எண்ணெய் இல்லாத நாட்களில் தெருவிளக்கின் கீழே நின்று படித்ததாகச் சொல்வார்கள். இத்தனைக்கும் நடுவில் பரிசுகளும் உதவித்தொகையும் பெற்றான். இலக்கணம், இலக்கியம், தர்க்கம், வேதாந்தம், தர்ம சாஸ்திரம் என்று பன்னிரண்டு ஆண்டுகள் படித்தான். 'கல்விக் கடல்' என்று பொருள்படும் வித்யாசாகர் என்ற பட்டம் கிடைத்தபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை!

நண்பருக்காக எழுதிய இலக்கணம்

1841-ஆம் ஆண்டு கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் தலைமைப் பண்டிதர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 50 ரூபாய். இங்கிலாந்திலிருந்து வந்த அதிகாரிகளுக்கு இந்திய மொழிகளைக் கற்பிக்கும் கல்லூரி அது.

அந்த நாட்களில் ராஜகிருஷ்ணர் என்ற நண்பர் அவரிடம் சமஸ்கிருதம் கற்க ஆசைப்பட்டார். ராஜகிருஷ்ணர் சிறுபிள்ளை இல்லை, வளர்ந்துவிட்ட இளைஞர். வழக்கப்படி முக்தபோதத்தில் தொடங்கினால் ஆண்டுக்கணக்கில் ஆகும். வித்யாசாகர் ஒரு வேலை செய்தார். இலக்கணத்தில் மிகவும் தேவையானதை மட்டும் பொறுக்கி எடுத்தார். அதை எளிய வங்காள மொழியில் தன் கையாலேயே குறிப்பாக எழுதிக் கொடுத்தார். அதைக் கொண்டு ராஜகிருஷ்ணர் வியக்கும் வேகத்தில் சமஸ்கிருதம் கற்றுக்கொண்டார்.

இந்தக் குறிப்புதான் பிறகு 'உபக்ரமணிகா' என்ற புத்தகமாக 1851-இல் வெளிவந்தது. தெரிந்த மொழியின் கையைப் பிடித்துக்கொண்டு தெரியாத மொழிக்குள் போகலாம் என்று அது காட்டியது. அடுத்து, கொஞ்சம் பெரிய மாணவர்களுக்காக 'வியாகரண கௌமுதி' என்ற இலக்கண நூலைப் பல பாகங்களாக எழுதினார்.

1850-ஆம் ஆண்டு டிசம்பரில் சமஸ்கிருதக் கல்லூரியைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். மாணவர்கள் பல ஆண்டுகளை இலக்கணத்தில் கழித்தும் மொழி வரவில்லை என்று அதில் துணிந்து எடுத்துச் சொன்னார். அடுத்த ஆண்டே அந்தக் கல்லூரியின் முதல்வரானார். தான் சிறுவனாக உட்கார்ந்து விழித்த அதே வகுப்பில், முக்தபோதத்துக்குப் பதிலாகத் தன் எளிய புத்தகத்தைக் கொண்டுவந்தார். சில சாதியினர் மட்டுமே படிக்க முடிந்த அந்தக் கல்லூரியின் கதவை இந்துக்களில் மற்ற சாதியினருக்கும் படிப்படியாகத் திறந்துவிட்டவரும் அவரே.

கடன் வாங்கி ஓர் அச்சகம்

நல்ல புத்தகம் எழுதினால் போதுமா? அச்சடிக்க வேண்டாமா? வித்யாசாகரும் அவருடைய நண்பர் மதன்மோகன் தர்க்காலங்காரும் சேர்ந்து 1847-இல் சமஸ்கிருத அச்சகம் என்ற பெயரில் ஓர் அச்சகம் தொடங்கினார்கள். அச்சு இயந்திரம் வாங்கக் கையில் காசில்லை. 600 ரூபாய் கடன் வாங்கினார்கள். முதலில் ஒரு பழைய வங்காளக் காவியத்தைப் பிழையில்லாமல் அச்சிட்டார்கள். வில்லியம் கோட்டைக் கல்லூரி அதில் 100 பிரதிகளை வாங்கியது. கிடைத்த பணம் சரியாக 600 ரூபாய். கடன் தீர்ந்தது!

அந்தக் காலத்தில் ஒவ்வோர் எழுத்தும் ஈயத்தில் வார்த்த தனித்தனித் துண்டாக இருக்கும். அவற்றை மரப்பெட்டியின் சின்னச் சின்ன அறைகளிலிருந்து பொறுக்கி எடுத்து அடுக்குவதுதான் அச்சுக் கோப்பவரின் வேலை. வங்காளக் கூட்டெழுத்துகளுக்கு எத்தனை அறைகள் வேண்டும்! எந்த எழுத்து எந்த அறையில் இருந்தால் கை சுலபமாக எட்டும் என்று யோசித்து, வித்யாசாகர் ஒரு வரிசை அமைத்தார். வங்காள அச்சுத் தொழிலாளர்கள் அதை அவர் பெயராலேயே அழைத்து, நெடுங்காலம் பின்பற்றினார்கள்.

கமா, அரைப்புள்ளி போன்ற நிறுத்தக்குறிகளை வங்காள உரைநடையில் நன்றாகப் பழக்கியவரும் அவர்தான். அதற்கு முன் வாக்கியம் எங்கே மூச்சு விடும் என்று தெரியாமல் படிப்பவர்கள் திண்டாடுவார்கள்.

ஒரு நேரத்தில் ஒரு கஷ்டம் போதும்

இப்போது அந்த அரிச்சுவடிக்கு வருவோம். 1855-ஆம் ஆண்டு அவருக்குக் கல்லூரி வேலையோடு பள்ளி ஆய்வாளர் வேலையும் வந்து சேர்ந்தது. ஹூக்ளி, பர்த்வான், நதியா, மேதினிபூர் ஆகிய நான்கு மாவட்டங்களில் ஊர் ஊராகப் போனார். மாவட்டத்துக்கு ஐந்து என்று இருபது மாதிரிப் பள்ளிகளைத் தொடங்கினார். அங்கே கற்பிக்க ஆசிரியர்கள் வேண்டுமே? அவர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளியும் ஏற்படுத்தினார். இந்தப் பயணங்களில் பல்லக்கில் உட்கார்ந்தபடியே 'வர்ண பரிசயம்' என்ற புத்தகத்தை எழுதினார் என்று சொல்வார்கள். எழுத்து அறிமுகம் என்பது அந்தப் பெயரின் பொருள். முதல் பாகம் 1855 ஏப்ரலிலும், இரண்டாம் பாகம் அதே ஆண்டு ஜூனிலும் வந்தன.

அந்தப் புத்தகத்தில் என்ன புதுமை?

முதலாவது, எழுத்து வரிசையையே சீர்செய்தார். அதுவரை குழந்தைகள் 16 உயிரெழுத்துகள் படித்தார்கள். அவற்றில் இரண்டு எழுத்துகள் வங்காளச் சொற்களில் வருவதே இல்லை. சமஸ்கிருதத்தில் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைகள் சுமந்துகொண்டிருந்தார்கள். அந்த இரண்டையும் நீக்கினார். இடம் மாறி உட்கார்ந்திருந்த இரண்டை மெய்யெழுத்துகளோடு சேர்த்தார். மிஞ்சியவை 12. அதேபோல, வங்காளத்தில் தனி ஒலி இருந்தும் தனி இடம் கிடைக்காமல் இருந்த சில எழுத்துகளுக்கு மெய் வரிசையில் இடம் கொடுத்தார்.

இரண்டாவது, படிக்கட்டு மாதிரி பாடங்களை அடுக்கினார். முதலில் தனி எழுத்துகள். பிறகு இரண்டு எழுத்துச் சொற்கள். பிறகு கால், கொம்பு போன்ற குறிகள் சேர்ந்த சொற்கள். பிறகு இரண்டே சொற்களில் குட்டி வாக்கியங்கள். அதன் பிறகுதான் சின்னக் கதை. முதல் பாகம் முடியும் வரை கூட்டெழுத்து எதுவும் குழந்தையைப் பயமுறுத்தாது. அது இரண்டாம் பாகத்துக்குரிய வேலை.

இரண்டாம் பாகத்தின் முன்னுரையில் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை சொன்னார். கூட்டெழுத்தைப் பழக்குவதற்காகக் கடினமான சொற்கள் சிலவற்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தச் சொற்களில் எந்த எழுத்தும் எந்த எழுத்தும் சேர்ந்திருக்கின்றன என்பதை மட்டும் சொல்லிக்கொடுங்கள், அர்த்தத்தையும் சேர்த்துத் திணிக்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். அப்படித் திணித்தால் ஆசிரியருக்கும் கஷ்டம், பிள்ளைக்கும் கஷ்டம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எழுத்துப் பயிற்சி சலிக்காமல் இருக்க, நடுநடுவே எளிய சின்னப் பாடங்களை வைத்தார்.

எட்டு வயதில் அவர் கற்ற மைல்கல் பாடமும் அப்படித்தானே? ஒரு கல், ஓர் எண். பிறகு நடை. பிறகு அடுத்த கல்.

கோபாலும் ராக்காலும்

வர்ண பரிசயத்தில் வங்காளத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு பையன்கள் வருவார்கள். கோபால் ரொம்ப நல்ல பையன். கொடுத்ததைச் சாப்பிடுவான், ஒழுங்காகப் பள்ளிக்குப் போவான், தம்பி தங்கையிடம் அன்பாக இருப்பான். ராக்கால் அதற்கு நேர்மாறு. வழியெல்லாம் விளையாடிவிட்டுத் தாமதமாகப் பள்ளிக்குப் போவான்.

இரண்டாம் பாகத்தில் புவன் என்ற பையன் வருவான். பள்ளியில் இன்னொருவனின் புத்தகத்தைத் திருடிக்கொண்டு வருவான். அவனை வளர்த்த அம்மாவின் சகோதரி அதைக் கண்டிக்க மாட்டாள். சின்னத் திருட்டு பெரிய திருட்டாகி, கடைசியில் அவனுக்குத் தூக்குத் தண்டனை கிடைக்கும். தன்னை வளர்த்தவளைப் பார்க்க வேண்டும் என்று கேட்பான். ரகசியம் சொல்வதுபோல நெருங்கி அவள் காதைக் கடித்துவிடுவான்! அன்றே கண்டித்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா என்பதுதான் அவன் கோபம். ஈசாப் கதையைப் போன்ற இதைப் படித்த வங்காளக் குழந்தை அதை மறந்ததே இல்லை.

அந்தக் குட்டி வாக்கியங்களும் லேசானவை அல்ல. நம் தேசிய கீதத்தை எழுதிய ரவீந்திரநாத் தாகூர் 1861-இல் பிறந்தவர். எழுத்துக் கூட்டிப் படிக்கும் தொல்லையிலிருந்து அப்போதுதான் கரையேறியிருந்த அந்தக் குழந்தை, நீர் விழுவதையும் இலை அசைவதையும் பற்றிய சின்னஞ்சிறு வாக்கியங்களைப் படித்தது. அந்தச் சொற்களின் ஓசையில் தனக்கு உண்டான மகிழ்ச்சியைத் தாகூர் முதிர்ந்த வயதில் நினைவுகூர்ந்து எழுதினார். தன் வாழ்வின் முதல் கவிதை என்றே அதைக் கருதினார்.

பெண் பிள்ளைகளுக்கும் எழுத்து

அந்தக் காலத்தில் பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பவே பயந்தார்கள். சின்ன வயதிலேயே திருமணம் செய்துவிடுவார்கள். கணவன் இறந்தால் அந்தச் சிறுமி வாழ்நாள் முழுவதும் விதவையாகத் துன்பப்பட வேண்டும். வித்யாசாகர் ஓயாமல் போராடியதன் பலனாக, 1856-இல் விதவைகள் மறுமணச் சட்டம் வந்தது. அதற்காக அவர் கேட்ட வசவும் மிரட்டலும் கொஞ்சமல்ல.

1857 நவம்பர் முதல் 1858 மே வரை, ஏழே மாதங்களில் 35 பெண்கள் பள்ளிகளைத் திறந்தார். சுமார் 1,300 சிறுமிகள் சேர்ந்தார்கள். அரசு பணம் தரும் என்று நம்பித்தான் தொடங்கினார். ஆனால் எழுத்துமூலமான உத்தரவு இல்லை என்று அரசு கையை விரித்தது. ஆசிரியர்களுக்குச் சுமார் 3,400 ரூபாய் சம்பளப் பாக்கி நின்றது. பலமுறை எழுதிய பிறகு அந்தப் பாக்கியை மட்டும் அரசு ஏற்றுக்கொண்டது. இனிமேல் தொடர்ந்து உதவ முடியாது என்று சொல்லிவிட்டது.

உடல்நலமும் கெட்டு, மேலதிகாரிகளோடு கருத்து வேறுபாடும் முற்றியதால், 1858 நவம்பரில் மாதம் 500 ரூபாய் சம்பளம் வந்த அரசு வேலையை விட்டு விலகினார். அப்போது அது மிகப் பெரிய தொகை. ஆனால் பள்ளிகளைக் கைவிடவில்லை. நண்பர்களிடம் சந்தா வசூலித்தார். தன் கைப்பணத்தையும் போட்டார்.

வேலை போன பிறகு அவருக்குச் சோறு போட்டது எது தெரியுமா? அவர் எழுதிய பாடப் புத்தகங்கள்தான்! அந்தப் பணத்திலும் பெரும்பகுதியை ஏழை மாணவர்களுக்கும், துன்பப்பட்டவர்களுக்கும் கொடுத்துவிட்டார்.

1870-களில் கல்கத்தாவின் சந்தடியை விட்டு, இன்றைய ஜார்க்கண்டில் உள்ள கர்மாடாரில் வீடு வாங்கினார். அங்கே வாழ்ந்த சந்தால் பழங்குடி மக்களோடு பழகி, இலவசமாக ஹோமியோபதி மருந்து கொடுத்தார். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி, பெரியவர்களுக்கு இரவுப் பள்ளி நடத்தினார். இன்று அந்த ஊர் ரயில் நிலையத்தின் பெயர் வித்யாசாகர்.

1891-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி கல்கத்தாவில் அவர் காலமானார். அவர் உயிரோடு இருந்தபோதே வர்ண பரிசயம் நூறு பதிப்புகளுக்கு மேல் கண்டுவிட்டது. இன்றும் வங்காளப் புத்தகக் கடைகளில் அந்த மெல்லிய புத்தகம் கிடைக்கிறது.

குழந்தைகளே! கற்றதை மற்றவருக்குப் புரியும்படி சொல்வதும் ஒரு பெரிய படிப்புதான். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ 'அ', 'ஆ' எழுதத் திணறும் தம்பி, தங்கை இருந்தால் சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். இன்றைக்கு ஓர் எழுத்தை மட்டும் சொல்லிக்கொடுங்கள். அடுத்த எழுத்து நாளைக்கு!